பதினான்கு அடி மேடையில் இரண்டு சாண்

இடது முன்கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, ஒரு வெற்றிலை அகலத்துக்கு எனக்குத் தழும்பு இருக்கிறது. பள்ளியில் பெண்பிள்ளைகள் யாராவது கேட்டால் “குழம்பு கொட்டிருச்சு” என்பேன். அதற்கு மேல் அவர்கள் கேட்பதில்லை. அவர்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் கையில் இப்படி ஒன்று இருக்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு திங்கட்கிழமை காலை. மூன்று அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன. தோசைக்கல்லைப் போட வேண்டும். அதற்குப் பருப்புக் குழம்புச் சட்டியை இறக்க வேண்டும். இடுக்கியால் பிடித்துத் தூக்கிய பிறகுதான் பார்த்தேன், வைக்க இடமில்லை. வலப்பக்கம் மூலையில் மிக்சி, அதன் ஜாரில் பாதி அரைத்த சட்னி. இடப்பக்கம் உப்பு, புளி, எண்ணெய் டப்பாக்கள். அவற்றை ஒட்டிப் பீன்ஸ் நறுக்கிய பலகை. பலகையை முழங்கையால் தள்ளிவிட்டுச் சட்டியை அதன் ஓரத்தில் இறக்கினேன். பலகை சாய்ந்தது. சட்டியும் சாய்ந்தது.

அத்தை ஓடி வந்து குழாயைத் திறந்து என் கையைப் பிடித்துவிட்டார். “பாத்துச் செய்யக் கூடாதா கண்ணு” என்றார். “அப்படி என்ன அவசரம்?” என்றார் கணவர், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. அவருக்கு 8 மணிக்குப் பேருந்து. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட நர்ஸ் “எப்படிங்க ஆச்சு?” என்று கேட்டபோது நானும் சொன்னேன்: “என் கவனக்குறைவுதாங்க.”

நான் கணக்கு ஆசிரியை. கோயம்புத்தூரில் ஓர் அரசுப் பள்ளியில் வேலை. காலை 5 மணியிலிருந்து 7.45-க்குள் நான்கு பேருக்கு டிபன், மூன்று பேருக்கு மதியச் சாப்பாட்டு டப்பா, அத்தைக்குத் தனியாக உப்புக் குறைத்த குழம்பு என்று முடித்துவிட்டு, முதல் பீரியடுக்குச் சாக்பீஸோடு நிற்கிறவள். கவனக்குறைவான ஆளால் இதில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. ஆனாலும் எனக்கு முதலில் வாயில் வந்த சொல் அதுதான்.

பத்து நாள் கட்டு. தண்ணீர் படக் கூடாது. அத்தை சமைத்தார், முழங்கால் வலியோடு, இடையிடையே நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து. இரண்டு இரவு கணவர் புரோட்டா வாங்கி வந்தார். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டு எது எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பதினோரு வருடம் வேலை செய்த அறையை, வேலை செய்யாமல் நின்று பார்த்தது அப்போதுதான். அத்தை மடியில் தட்டை வைத்து வெங்காயம் நறுக்கினார். துருவிய தேங்காயைக் கிரைண்டரின் மூடிமேல் வைத்தார். வெந்த காயை மைக்ரோவேவின் தலைமேல் வைத்தார். அங்கே எதையும் வைக்கக் கூடாது. சூடு வெளியேற அதற்கு மேலேயும் பின்னாலும் இடைவெளி வேண்டும். ஆனால் நானும் பல வருடமாக அங்கேதான் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள், தையல் பெட்டியிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தேன்.

எங்கள் சமையலறை 10 அடிக்கு 7 அடி. கிழக்குச் சுவர் நெடுக 10 அடிக்கு மேடை. அது தெற்குச் சுவரில் திரும்பி இன்னொரு 4 அடி போகிறது. கருப்பு கிரானைட், 2 அடி ஆழம். மொத்தம் 14 அடி, அதாவது 168 அங்குலம். பாத்திரம் கழுவும் தொட்டி 24. கழுவியதைக் கவிழ்க்கும் கூடை 20. அடுப்பு 27. மூலை 24, அங்கே மிக்சியும் ஜார்களும். உப்பு, புளி, எண்ணெய் 7. தெற்குப் பக்கம் கிரைண்டர் 16, மைக்ரோவேவ் 20, எலக்ட்ரிக் ரைஸ் குக்கர் 12. கூட்டிப் பார்த்தேன்: 150. மீதி 18 அங்குலம். இரண்டு சாண்.

பதினான்கு அடி மேடையில் எனக்கென்று இருந்தது அந்த இரண்டு சாண். அதில்தான் காய் நறுக்குவது, சப்பாத்தி தேய்ப்பது, டிபன் டப்பாக்களைத் திறந்து வைத்து நிரப்புவது, கொதிக்கும் சட்டியை இறக்குவது எல்லாம்.

அமெரிக்காவில் சமையலறை வடிவமைப்பாளர்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் இருக்கிறது. அதன் வழிகாட்டு விதிகளில் அடுப்பின் ஒரு பக்கம் குறைந்தது 12 அங்குலமும் மறுபக்கம் 15 அங்குலமும் காலியாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. சூடான பாத்திரத்தை இறக்குவதற்காக மட்டுமே அந்த இடம். தொட்டியை ஒட்டி, வேலை செய்ய, இடையில் எதுவும் குறுக்கிடாமல் 36 அங்குலம். அவர்கள் சமையல் வேறு, நம் சமையல் வேறு. ஆனாலும் அதைப் படித்தபோது எனக்கு ஒன்று பளிச்சென்று புரிந்தது. சட்டியை இறக்க இடமில்லாமல் போவது கவனக்குறைவில் சேராது என்று முன்பே யாரோ யோசித்து, அதை அங்குலத்தில் எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

*

மேடையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொன்றும் என் வேலையைக் குறைக்க வந்ததுதான். கிரைண்டர் என் அப்பா அம்மா சீராகக் கொடுத்தது. எங்கள் ஊருக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தந்த பொருள், கோவைக்காரி சீரில் அது இல்லாமல் இருக்குமா? மைக்ரோவேவ், கணவர் ஒரு தீபாவளி போனஸில் வாங்கியது. “இனி நீ சிரமப்பட வேண்டாம்” என்று சொல்லிக் கொண்டுவந்து இறக்கினார். ரைஸ் குக்கர், புதுமனை புகுவிழாவுக்கு நாத்தனார் வைத்தது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் யாரும் வாங்கும்போது “இதை எங்கே வைப்பாய்?” என்று கேட்கவில்லை. வாங்கி வந்தவர்கள் பெட்டியைப் பிரித்தார்கள், அட்டையை மடித்தார்கள், மேடையில் ஏற்றிவிட்டுப் போனார்கள்.

ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதிப் பார்த்தேன், எது எத்தனை முறை ஓடுகிறது என்று. மிக்சி தினமும் இரண்டு மூன்று முறை. கிரைண்டர் வாரம் இரண்டு முறை. மைக்ரோவேவ் தினமும் இரவு, கணவர் தாமதமாக வந்தால் சாப்பாட்டைச் சூடாக்க, ஐந்து நிமிடம். ரைஸ் குக்கர் ஒருமுறைகூட இல்லை. எங்கள் வீட்டில் பிரஷர் குக்கரில்தான் சாதம். நாத்தனார் வந்தால் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக அது அங்கே இருந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வேலை செய்யும் இயந்திரம் வாரம் முழுவதும் 16 அங்குலத்தை வைத்துக்கொள்கிறது. வாரத்துக்கு இருபது மணி நேரம் அங்கே நிற்கிற எனக்கு 18.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். வீட்டுக்குள் வந்த இயந்திரங்கள் ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகளைத்தான் முதலில் இல்லாமல் ஆக்கின என்கிறார். விறகு பிளப்பது நின்றது. அடுப்பில் சமைப்பது நிற்கவில்லை. இயந்திரம் வந்ததும் எதிர்பார்ப்பும் ஏறியது. எங்கள் அமத்தா வீட்டில் ஆட்டுக்கல்லில் இரண்டு பேர் உட்கார்வார்கள். ஒருவர் ஆட்ட, ஒருவர் தள்ளிவிட. பேச்சும் சிரிப்பும் இருக்கும். இட்லி நோம்பிக்கும் விருந்தாளிக்கும்தான். கிரைண்டர் வந்தது; எதிரில் உட்கார்ந்தவர் போய்விட்டார்; இட்லி வாரம் ஐந்து நாள் ஆகிவிட்டது. இதனால் ஆட்டுக்கல் திரும்பி வரட்டும் என்று நான் சொல்லவில்லை. என் தோளுக்கு அது ஆகாது. இயந்திரம் வந்ததில் நான் தனியாளாகிவிட்டேன் என்பதைத்தான் சொல்கிறேன்.

*

முதலில் நான் போட்ட திட்டம், என்னை இன்னும் வேகமாக ஆக்கும் திட்டம்தான். வரைபடத் தாளில் ஒரு கட்டத்துக்கு 3 அங்குலம் என்று மேடையை வரைந்தேன். ஒவ்வொரு சாமானையும் அளவுக்கு வெட்டி நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். எத்தனை அடி நடக்கிறேன், எத்தனை முறை திரும்புகிறேன் என்று எண்ணினேன். அப்போதுதான் ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையைப் பற்றிப் படித்தேன்.

1926-இல் மார்கரெத்தே ஷுட்டெ-லிஹோட்ஸ்கி என்ற வியன்னாப் பெண் கட்டடக் கலைஞர், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக வடிவமைத்தது அது. சுமார் 10,000 வீடுகளில் கட்டப்பட்டது. 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 6 அடிக்கு 11 அடி. கிட்டத்தட்ட என் சமையலறை! ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் குறுகிய சமையலறையைப் பார்த்து, ஒவ்வொரு அசைவுக்கும் ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம் இருக்கும்படி செய்தார். பெண்களுக்கு நேரம் மிச்சமாக வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். அதை வடிவமைக்கும்வரை தான் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொன்னார்.

பிறகு 1970-களில் பெண்ணியவாதிகள் அதே சமையலறையை வேறு கண்ணால் பார்த்தார்கள். அது ஒரே ஓர் ஆளுக்காக அளந்து வெட்டப்பட்ட அறை. இன்னொருவர் உள்ளே வந்தால் இடிக்கும். அந்த ஒரே ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வீடு. இந்தப் பக்கம், மிகத் திறமையாக, அவள்.

என் வரைபடத் தாளைப் பார்த்தேன். நான் வரைந்திருந்ததும் அதுதான். ஓர் அடிகூட நகராமல் எல்லாவற்றையும் நானே செய்துமுடிக்கும் இடம்.

எனக்கு வேண்டியது வேகம் இல்லை என்று அன்றைக்குப் பட்டது. வேகம் என்னிடம் ஏற்கெனவே நிறைய இருந்தது. கையைச் சுட்டதும் அதுதான். இன்னோர் ஆள் வந்து நிற்க இடம் வேண்டும். நிற்பதற்கு ஒரு காரணமும் வேண்டும்.

*

காரணம் எங்கிருந்து வரும் என்பதை என் அம்மா வீட்டில் பார்த்தேன். அம்மா கோபி பக்கம் கிராமத்தில் இருக்கிறார். 2011-இல் ஆரம்பித்து அரசாங்கம் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்ததே, அதில் அம்மாவுக்கும் வந்தது. அந்த ஓட்டு வீட்டுச் சமையலறையில் ஒரு விளக்கைத் தவிர மின்சார வசதி கிடையாது. பிளக் பாயிண்ட் இருந்தது ஆசாரத்தில், அப்பா உட்காரும் கட்டிலுக்குப் பக்கத்தில். அதனால் கிரைண்டர் அங்கே போனது. சத்தம் தாங்காமல் அப்பா ஆரம்பத்தில் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். பிறகு எப்போது நிற்கும் என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். பிறகு, “தண்ணி பத்தலயாட்ட இருக்குது” என்று அம்மாவுக்குக் குரல் கொடுத்தார். பிறகு தானே ஊற்றினார். இப்போது உளுந்து பொங்கிவிட்டதா என்று தொட்டுப் பார்த்துச் சொல்கிறவர் அப்பாதான். எழுபது வயதுவரை மாவில் கை வைக்காத மனிதர்.

அம்மா அவரிடம் எதையும் கேட்டு வாங்கவில்லை. கிரைண்டர் அவர் வழியில் இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் எல்லோரும் தொடும் பொருள் ஃபிரிட்ஜ். அது சமையலறையில், மேற்குச் சுவரை ஒட்டி, வாசலுக்குப் பக்கத்தில் நின்றது. கதவைத் திறந்தால் வேறு யாரும் உள்ளே நுழைய முடியாது. அதனால் யாரும் நுழையவில்லை. “அம்மா, தண்ணி”, “இந்தத் தயிரக் கொஞ்சம் எடு” என்று ஹாலிலிருந்து குரல் வரும். உள்ளே இருக்கிற ஆள் எடுத்துக் கொடுப்பாள்.

புதுத் திட்டம் இதுதான். ஃபிரிட்ஜ் ஹாலுக்குப் போக வேண்டும், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில். அது நின்ற இடத்தில் 26 அங்குல அகலத்துக்கு இரும்பு ஸ்டாண்ட். கீழ்த்தட்டு தரையிலிருந்து 16 அங்குலம், அதில் கிரைண்டர். மேடையில் இருந்தபோது அதன் வாய் நெஞ்சு உயரத்துக்கு வந்து, கல்லைத் தூக்க அத்தைக்குத் தோள் வலித்தது. மேல்தட்டு 42 அங்குலம், அதில் மைக்ரோவேவ். சூடான பாத்திரத்தை எடுக்கும் இடம் நெஞ்சுக்கு மேலே போகக் கூடாது. ரைஸ் குக்கர் பரணுக்கு. உப்பு, புளி, எண்ணெய்க்குச் சுவரில் ஒரு குறுகிய பலகை. அடுப்பைத் தொடவே முடியாது. அக்னி மூலை, கிழக்குப் பார்த்த சமையல், அத்தை இருக்கும்வரை அது பேச்சுக்கே இல்லை. நானும் அதைச் சண்டைக்கு எடுக்கவில்லை. ஒரு சண்டைதான் போட முடியும் என்றால் எதற்குப் போடுவது என்று தேர்ந்தெடுத்துக்கொண்டேன்.

“கிச்சன் சாமானம் கிச்சன்லதான் இருக்கணும்” என்றார் கணவர்.

“ஏங் கண்ணு, ஆசாரத்துல ஃபிரிட்ஜ வெச்சா வாரவங்க என்ன நெனப்பாங்க?” என்றார் அத்தை.

“ஏனுங்க, வர்றவங்க மாசத்துக்கு எத்தன பேரு?” என்றேன். ஹால் 16 அடி நீளம். ஆறடிக்கு டிவி ஸ்டாண்ட், அதில் யாரும் தொடாத பொம்மைகள், மூன்று கேடயங்கள். யாராவது வந்தால் அழகாக இருப்பதற்காக ஓர் அறை காலியாக நிற்கிறது. எப்போதும் ஆள் நிற்கும் அறையில் சட்டியை இறக்க இடமில்லை. இதை நான் அப்படியே சொன்னபோது அவர் பதில் சொல்லவில்லை. செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். ஆறு வாரம் இதே பேச்சு. ஒருநாள் கோபத்தில் என் கையை அவர் முன் நீட்டி, “இதுக்கு 18 இஞ்ச்தாங்க காரணம்” என்று கத்திவிட்டேன். கத்தியதற்குப் பிறகு அழுகை வந்தது. ஃபிரிட்ஜுக்காக அழுதேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் நான் அந்த வீட்டுக்குப் பாதிக் கடன் கட்டுகிறேன். அதில் ஒரு பொருளை இடம் மாற்ற எனக்கு அனுமதி வேண்டியிருந்தது. அழுகை அதற்கு.

கடைசியில் ஒரு மாதம் வைத்துப் பார்ப்பது என்று முடிவானது. பிடிக்கவில்லை என்றால் பழைய இடத்துக்கே.

எலக்ட்ரீஷியன் வந்தார். எங்கள் ஃபிரிட்ஜுக்கு 5 ஆம்ப் பிளக். அது ஹாலில் ஏற்கெனவே இருந்தது. மைக்ரோவேவுக்கு 15 ஆம்ப் வேண்டும். ஃபிரிட்ஜ் நின்ற இடத்தில் அது இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று இடம் மாறிக்கொண்டன. ஹாலில் வெந்நீர்க் கெட்டிலுக்கு மட்டும் தனி ஒயர் இழுத்து ஒரு 15 ஆம்ப் பாயிண்ட் போட்டோம். மல்டிபிளக்கில் ஃபிரிட்ஜையும் கெட்டிலையும் சேர்த்துச் செருகுவது ஆபத்து, அப்படிச் செய்ய வேண்டாம் என்று அவர் இரண்டு முறை சொன்னார். ஸ்டாண்டை வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தேன், என் அளவுக்கு. ஃபிரிட்ஜைக் காலிசெய்து, சாய்க்காமல், கணவரும் மகனும் நகர்த்தினார்கள்.

தெற்குப் பக்கம் 4 அடி மேடை முழுவதும் காலியானது. அடுப்பை ஒட்டி 7 அங்குலம் கூடி, 18 என்பது 25 ஆனது. மொத்தம் 73 அங்குலம். ஆறு அடி. அன்று இரவு ஈரத்துணியால் அந்தக் கருப்புக் கல்லைத் துடைத்துவிட்டு, எதையும் வைக்காமல், கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்றேன்.

*

கூடுதலாக 20 அங்குலம் கிடைக்க இன்னொரு யோசனையும் வைத்திருந்தேன். பாத்திரக் கூடையை மேடையிலிருந்து எடுத்து, தொட்டிக்கு மேலே சுவரில் மாட்டுவது. நானும் மகனும் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தோம். பாத்திரம் கழுவ வரும் அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “டீச்சர், அது எனக்கு எட்டாதுங்களே” என்றார்.

என்னைவிட அவர் ஒரு சாண் குட்டை. ஒவ்வொரு ஈரப் பாத்திரத்தையும் தலைக்கு மேலே தூக்கினால் தண்ணீர் முழங்கை வழியாக ஜாக்கெட்டுக்குள் இறங்கும். ஐந்து வருடமாக என் சமையலறையில் வேலை செய்கிறவர். ஆறு வாரம் யாரும் என்னைக் கேட்கவில்லை என்று சண்டை போட்ட நான், இவரைக் கேட்கவில்லை. வரைபடத் தாளில் தொட்டி என்றால் 24 அங்குலக் கட்டம். அதன் முன்னால் நிற்கிறவர் அதில் இல்லை.

கோட்டை அழித்தோம். “உங்களுக்கு என்னக்கா வேணும்?” என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார்: “எச்சப் பாத்திரத்தத் தொட்டிக்குள்ளயே குமிச்சு வெக்காதீங்க. கீழ ஒரு அன்னக்கூடைல போட்டு வெச்சீங்கன்னா கழுவ எடம் இருக்கும்.” அவருடைய மேடை அந்தத் தொட்டிதான். அதை நாங்கள் நான்கு பேரும் ஒவ்வொரு வேளையும் நிரப்பிவிட்டுப் போய்க்கொண்டிருந்தோம். அன்னக்கூடை வந்தது. இப்போது சாப்பிட்டவர்கள் குனிந்து அதில் போட வேண்டும். குனிவதால் தட்டிலிருக்கும் கறிவேப்பிலையைக் குப்பையில் தட்டவும் பழகினார்கள்.

*

ஒரு மாதம் முடிந்தபோது ஃபிரிட்ஜ் பேச்சை யாரும் எடுக்கவில்லை. முதல் வாரம் தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் காலியாகிக் கிடந்தன. நான் நிரப்பவில்லை, அது என் கண் முன்னால் இல்லை. மகன்தான் இரண்டு நாள் வெறும் பாட்டிலைத் திறந்து பார்த்துவிட்டு மூன்றாம் நாள் நிரப்பினான். கெட்டிலும் டீத்தூளும் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்திலேயே இருந்ததால், கணவர் காலை 5.30-க்குத் தானே டீ போட்டுக்கொண்டார். ஒருநாள் எனக்கும் கொண்டுவந்தார். “மாவு இன்னிக்கு ராத்திரிக்குத்தான் வரும்போல” என்று அவர் சொன்னபோது, பதினோரு வருடத்தில் அந்தச் செய்தி அவர் வாயிலிருந்து வந்தது அதுவே முதல்முறை. மாவுப் பாத்திரம் இப்போது அவர் வழியில் இருந்தது.

அந்த 4 அடி மேடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் சப்பாத்தி தேய்க்கிறான். நான் இந்தப் பக்கம் சுடுகிறேன். முழங்கை இடிப்பதில்லை. அத்தை உயரமான ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து காய் நறுக்குகிறார். மடியில் தட்டு இல்லை. வந்த விருந்தாளிகளில் இருவர் ஃபிரிட்ஜைப் பற்றிக் கேட்டார்கள், எங்கள் வீட்டிலும் இப்படி வைக்கலாமா என்று.

இதைப் பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். 2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குக் கொடுப்பது 299 நிமிடம், ஆண்கள் 97. அதுவும், ஏதாவது ஒரு வீட்டுவேலையாவது செய்கிற ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான். எங்கள் வீட்டிலும் ஒரு நோட்டு போட்டு எழுதினேன். ஃபிரிட்ஜ் நகர்ந்ததில் என்னுடைய நாளில் குறைந்தது 35 நிமிடம். அதையும் கணவர் “உனக்கு ஹெல்ப் பண்றேன்” என்றுதான் சொல்கிறார். நாளைக்கு என்ன சமைப்பது என்று யோசிப்பது இன்னும் என் வேலை. அது எந்த மேடையிலும் இடம் பிடிப்பதில்லை, இஞ்ச் டேப்பால் அளக்க முடியாது. ஆனால் பொருள்களை எங்கே வைக்கிறோம் என்பது யார் வேலை செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் முடிவு செய்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வகுப்பில் பரப்பளவு நடத்தும்போது பிள்ளைகளிடம் இப்போதெல்லாம் வயலையும் தோட்டத்தையும் கேட்பதில்லை. “உங்க வீட்டு அடுப்பு மேடைய அளந்துட்டு வாங்க, அதுல எவ்வளவு காலியா இருக்குன்னும் எழுதுங்க” என்கிறேன். பையன்களுக்கும் சேர்த்துத்தான்.

போன தீபாவளிக்கு நாத்தனார் ஏர் ஃபிரையர் கொண்டுவந்தார். எண்ணெயில்லாமல் பொரிக்கலாம், உங்களுக்கு வேலை மிச்சம் என்றார். பெட்டியைப் பிரித்ததும் எல்லோரும் சமையலறைப் பக்கம் திரும்பினார்கள். தெற்குப் பக்கம் 4 அடி காலியாக இருந்தது.

“நல்லா இருக்குதுங்க. இதுல யாரு செய்யப்போறீங்களோ, அவங்களே எங்க வெக்கறதுன்னு பாத்துக்குங்க” என்றேன்.

இதை எழுதும்போது அது ஹாலில், டிவி ஸ்டாண்டில், மூன்று கேடயங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கேடயங்களைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் மகன் அதில் உருளைக்கிழங்கு போடுகிறான். கிழங்கை நறுக்க மட்டும் சமையலறைக்கு வருகிறான். நறுக்க அங்கே இடம் இருக்கிறது.